பத்து முடியவில்லை

அவரிடம் மகளின் பெயரைக் கேட்டால் வயதைச் சொல்வார்.

சேலையூரில் இந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நான் வந்த மறுநாள், லிப்டுக்குள் ஒரு சிறுமி என்னை நிமிர்ந்து பார்த்தாள். தோளில் தண்ணீர் பாட்டில் தொங்கியது. "பேர் என்னம்மா?" என்றேன். பக்கத்தில் நின்றவர் முந்திக்கொண்டு, "அஞ்சு நடக்குது சார்" என்றார். இரண்டாம் மாடி தாண்டியதும், "எண்பது ராகம் கண்டுபுடிப்பா சார்" என்றார். நான்காம் மாடியில் இறங்கினோம். அவர்கள் வீடு எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு என்று அப்போதுதான் தெரிந்தது. பெயரைப் பிறகு அவள் அம்மாதான் சொன்னார். சொல்லியும் பயனில்லை; நானும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான்.

அவர் பல்லாவரத்துக்காரர். தாத்தா காலத்தில் நெல் விளைந்த நிலம் அப்பா காலத்தில் மனைகளாகிவிட்டது. அவர் கைக்கு வந்தது இந்த ஒரு பிளாட்தான். தோல் கம்பெனியில் தரம் பிரிக்கிற வேலை. பதனிட்ட தோலை மேசைமேல் விரித்து விரல் நுனியால் தடவிக்கொண்டே போவார். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறிய கோடு, சூடு போட்ட இடம் எல்லாம் விரலுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பழக்கம் வேலையோடு நிற்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே கைப்பிடிச் சுவரை, செய்தித்தாளை, என் சட்டைக் கையைக்கூடத் தடவிப் பார்ப்பார்.

"கன்னுத் தோலுதான் சார் வெல ஜாஸ்தி" என்று ஒருநாள் சொன்னார். "வயசு ஏற ஏறத் தோல்ல எல்லாம் ஏறிடும். கடி, கீறல், சூடு. கன்னுல ஒண்ணும் ஏறிகினு இருக்காது. தொட்டா தண்ணி மாதிரி போவும்."

அவருக்குப் பாட்டு வராது. விசில்கூட வராது என்று அவரே சொல்வார். மகளுக்கு வருகிறது என்று கண்டுபிடித்தது கீழ்த்தளத்தில் இருந்த பாட்டு டீச்சர். பின்னால் நகரும்போது பாட்டு ஒலிக்கும் வண்டி ஒன்று எங்கள் வாசலில் நிற்கும். மூன்று வயதில் அந்தப் பாட்டைத் திருப்பிப் பாடிய குழந்தை, அது எந்த இடத்தில் சுருதி விலகுகிறதோ அந்த இடத்தை மட்டும் திருத்திப் பாடியிருக்கிறது. டீச்சர் வெளியே ஓடிவந்து இன்னொரு முறை பாடச் சொன்னாராம். அந்த இன்னொரு முறை என்பது அதற்குப் பிறகு நிற்கவே இல்லை.

ஒரு பொங்கலன்று கார் நிறுத்துமிடத்தில் கோலமும் பானையுமாகக் கூடியிருந்தோம். பாப்பாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலிமேல் நிற்க வைத்தார்கள். ஒவ்வொருவராகக் கைபேசியில் ஒரு பாட்டைப் போட்டு அவள் காதருகே நீட்டினார்கள். "இது இன்னா ராகம் சொல்லு?" அவள் சொன்னாள். அடுத்த கைபேசி. சொன்னாள். ஒருவர் தன் ரிங்டோனைப் போட்டார். அவள் கொஞ்சம் யோசித்து, "இது ராகம் இல்ல அங்கிள், இது போன்" என்றாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "ஐயோ, பேச்சப் பாரேன்! இன்னொண்ணு போடுங்க, இன்னொண்ணு." மற்ற பிள்ளைகள் கரும்பு கடித்துக்கொண்டிருந்தார்கள். கரும்பு தொண்டைக்கு ஆகாதென்று அவளுக்குத் தடை. அவர் நாற்காலிக்குப் பின்னால், அவள் பிடரியில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். பிடரியிலும் அந்த விரல்கள் சும்மா இல்லை.

நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எண்ணாமல் இருக்க வராது. அன்று அவரிடம் வந்து கைகுலுக்கியவர்களில் குழந்தையின் வயதைக் கேட்டவர்கள் பதினேழு பேர். யாரிடம் கற்றுக்கொள்கிறாள் என்று கேட்டவர் ஒருவர். கற்றுக்கொள்ளப் பிடித்திருக்கிறதா என்று அவளிடம் கேட்டவர் எவருமில்லை.

என்னை அவர் கண்டுபிடித்ததும் அந்த எண்ணிக்கையால்தான். எங்கள் வீட்டில் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் தேவாலயத்துக்குப் போகிறவர்கள். அங்கே கீர்த்தனை பாடும் குழுவில் நான் பல வருஷம் தாளம் போட்டவன். தொடையில் தட்டி விரல் விட்டு எண்ணுவது எனக்குத் தூக்கத்திலும் பிசகாது. இது தெரிந்ததும் பாப்பாவின் கச்சேரிகளுக்கெல்லாம் முன்வரிசையில் எனக்கு ஒரு இடம் போட்டுவிட்டார். "நீங்க கண்ணுல பட்டுகினே இருந்தா அதுக்குத் தைரியம் சார்." எங்களுக்குச் சபை என்றால் ஞாயிற்றுக்கிழமை, அவருக்குச் சபை என்றால் டிசம்பர். "ரெண்டு சபையிலயும் சார்தான் தாளம்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கும்போது நல்ல மனிதராகத் தெரிவார். நல்ல மனிதர்தான். என் மனைவி மருத்துவமனையில் கிடந்தபோது ஒரு வாரம் இரண்டு வேளையும் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு குரோம்பேட்டை வந்தவர்.

மேடையில் அவருக்கென்று சில ஏற்பாடுகள் உண்டு. ஒரு பெரிய தம்புரா வைத்திருந்தார். அதைப் பாப்பாவுக்குப் பக்கத்தில், சற்று முன்தள்ளி நிறுத்தச் சொல்வார். அதன் தந்திகளை யாரும் மீட்டுவதில்லை. சுருதி, பின்னால் துண்டு போட்டு மறைத்த சின்னப் பெட்டியிலிருந்து வரும். நான் ஒருமுறை ஏன் என்று கேட்டேன்.

"அது பக்கத்துல ஒக்காந்தாத்தான் சார் பாப்பா பாப்பாவாத் தெரியும்."

அவளுக்கு முன்பற்கள் விழுந்த வருஷம் அவர் மிகச் சந்தோஷமாக இருந்தார். அந்த வருஷக் கச்சேரி ஒன்றை யாரோ கைபேசியில் எடுத்துப் போட, ஊரெல்லாம் பார்த்தது. பாட்டைப் பற்றி எழுதியவர்களைவிட அந்தப் பொக்கை வாயைப் பற்றி எழுதியவர்கள் அதிகம். பிறகொரு நாள் காலையில் பால் வாங்கப் போகும்போது லிப்டில் என்னிடம், யாரோ இறந்துபோன சேதி சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு பல்லும் மொளச்சிடுச்சு சார்."

எங்கள் பக்கத்தில் வயதைச் சொல்ல இரண்டு வழிகள் உண்டு. எட்டு நடக்கிறது என்பார்கள். எட்டு முடிந்துவிட்டது என்பார்கள். பெண் பார்க்கிற வீடுகளிலும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வருஷத்தை ஒளித்துவைக்கலாம். காம்ப் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து டிசம்பரில் கச்சேரி நடத்தும் சபை ஒன்று இருந்தது. பத்து வயது முடியாத பிள்ளைகளுக்கென்று அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையை ஒதுக்குவார்கள். வேறெந்தக் கச்சேரிக்கும் வராத கூட்டம் அதற்கு வரும். வித்வான்கள் பாடும் நாளில் பாதி நாற்காலி காலியாக இருக்கும்; அன்று நாற்காலிக்கு இடையில் நிற்பார்கள். "பத்து முடியல" என்று அவர் முதன்முதலில் அவர்களிடம் சொன்னபோது அது உண்மை. ஒன்பதரைதான். மறு வருஷம் டிசம்பரிலும் பத்து முடியவில்லை.

"இல்லையே, பதினொண்ணு நடக்குதே" என்றேன் நான்.

"நடக்கட்டும் சார். நடக்கறத யாரு வேணாம்னாங்க?" என்று சொல்லிவிட்டு லிப்டின் கதவைத் தடவினார்.

கீழ்த்தளத்து டீச்சர், இந்த வயதுக்கு இவ்வளவு போதும், மேல்ஸ்தாயியை வலிந்து பாடவைக்க வேண்டாம் என்று சொன்னார். அவர் டீச்சரை மாற்றிவிட்டார். பாவாடைகளின் மடிப்பை அவிழ்த்து அவிழ்த்து இறக்கித் தைத்தார்கள். இரட்டைப் பின்னலும் ரிப்பனும் அப்படியே இருந்தன. அவள் மட்டும் நிற்கவில்லை. மூன்றாவது டிசம்பர் நெருங்கியபோது லிப்டில் அவள் தலை என் தோளுக்கு வந்துவிட்டது. பன்னிரண்டு நடந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்தால் "குட் மார்னிங் தாத்தா" என்கிறவள் வெறுமனே தலையை ஆட்ட ஆரம்பித்தாள். வயது வருகிறதல்லவா, வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகை கடைசியில் அவள் அம்மா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் அலுவலக வேலை பார்ப்பவர். அதிகம் பேசாதவர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"காது மூக்கு தொண்டை டாக்டர்ட்ட காட்டினோம் சார். கையில காய்ப்பு காய்க்கும்ல, அந்த மாதிரி குரல் வர்ற எடத்துல காய்ச்சிருக்காம். மூணு மாசம் பாடவே கூடாது, கத்திக்கூடப் பேசக்கூடாதுன்னுட்டார். மீறிப் பாடினா குரல் போயிடும், திரும்பி வரும்னு நான் எழுதித் தர மாட்டேன்னு சொல்றார். இவர் ஞாயித்துக்கெழம கச்சேரிய விட மாட்டேங்கறார். நீங்க சொன்னா கேப்பார் சார்."

மொட்டைமாடியில் அவரைப் பிடித்தேன். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் வீணாவது எனக்குப் பொறுக்காது. நானே இறங்கிப்போய் மோட்டாரை நிறுத்திவிட்டு மறுபடி ஏறி வந்தேன்.

"டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும் சார்" என்றார் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. "இந்த ஒண்ணுதான். இதோட மூணு மாசம் இன்னா, ஆறு மாசம் உட்டுடறேன்."

"அந்த ஆறு மாசத்தை இப்பவே விடுங்களேன். அடுத்த டிசம்பர்ல பாடட்டும்."

"அடுத்த வருஷம் யாரு சார் கூப்புடுவாங்க?" அவர் குரல் உயரவில்லை. "இப்பவே அந்தச் செக்ரட்டரி ஒரு மாதிரி பாக்கறாரு. ஒம்போது வயசுல தோடி பாடினா ஊரே எந்திரிச்சு நிக்குது. பன்னெண்டு வயசுல அதே தோடிய நல்லாப் பாடினா இன்னா சார்? நல்லாப் பாடுதும்பாங்க. அவ்ளோதான். நல்லாப் பாடறவங்க ஆயிரம் பேரு கீறாங்க."

அவர் சொன்னது சரி. அந்த மண்டபத்தில் நிற்க இடமில்லாமல் நின்ற எங்களையெல்லாம் எண்ணிப் பார்த்துச் சரியாகத்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் மணமகள் அறையை ஒப்பனைக்குக் கொடுத்திருந்தார்கள். ஆளுயரக் கண்ணாடி, அதன் ஓரங்களில் யார் யாரோ ஒட்டிவிட்டுப் போன பொட்டுகள். பாப்பா கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்து அதிமதுரம் போட்ட வெந்நீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து பேசவில்லை என்று அம்மா சொன்னார். சபைச் செயலர் கையில் துண்டுச்சீட்டோடு அவசரமாக வந்தார்.

"சார், அனௌன்ஸ் பண்ணணும். கமிட்டில ஒருத்தர் கேக்கறார், போன வருஷமும் இதே வயசுதானே சொன்னீங்கன்னு. எனக்கு ஒரே வார்த்தை. பத்து முடிஞ்சிடுச்சா இல்லையா?"

அவர் மகளுக்குப் பின்னால் நின்று அவள் ரிப்பனைத் தடவிக்கொண்டிருந்தார். செயலர் குனிந்து பாப்பாவிடம் செல்லமாகக் கேட்டார். "நீயே சொல்லு கண்ணு. பொய் சொல்லக்கூடாது. முடிஞ்சிடுச்சா?"

அவள் செயலரைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் தெரிந்த அப்பாவைப் பார்த்தாள். கடிதாசைக் கிழித்ததுபோல ஒரு குரல் வந்தது.

"முடியலப்பா."

செயலர் நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அவ்ளோதான்! கொழந்த வாயில பொய் வருமா? கமிட்டிக்கு இது போதும்" என்று வேகமாக வெளியே போனார்.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அவர் மகளின் தொண்டையில் இரண்டு விரல்களை வைத்தார். தோலைப் பார்க்கிற அதே விரல்கள். சுட்டதுபோல உடனே எடுத்துவிட்டார்.

"கேட்டீங்களா?" என்றேன்.

"கேட்டேன் சார்" என்றார்.

வெளியே ஒலிபெருக்கியில், பத்து வயது இன்னும் நிறைவடையாத என்று செயலரின் குரல் தொடங்கியது. பெயரைச் சொல்வதற்கு முன்பே கைதட்டல் எழுந்தது. அது அலையாக இந்த அறைக்குள் வந்தது. அவர் ஒரு கணம் அந்தப் பக்கம் திரும்பி நின்றார். பிறகு மகளின் தோளைப் பிடித்து எழுப்பினார். அவளும் எழுந்தாள். மேடைக்குப் போனார்கள்.

நான் முன்வரிசையில் என் இடத்தில் உட்கார்ந்து தாளம் போட்டேன். வேறென்ன செய்வது? வர்ணம் எப்படியோ கரையேறியது. அடுத்த கீர்த்தனையில் மேல் சட்ஜமத்துக்கு அவள் ஏறியபோது குரல் இரண்டாகப் பிளந்தது. ஒரு பெரியவர் பாடியிருந்தால் மண்டபம் முகம் சுளித்திருக்கும். குழந்தை என்பதால், "ச்சோ, பாவம்" என்று ஒரு முனகல் எழுந்து, உற்சாகப்படுத்துவதற்காக முன்னைவிடப் பலமாகத் தட்டினார்கள். அவள் என் கையைப் பார்த்தாள். நான் விரல்களை விட்டுக்கொண்டே இருந்தேன். மூன்றாவது பாட்டு. அவர் மேடையின் ஓரத்தில், மீட்டாத தம்புராவுக்குப் பின்னால், அவளைப் பார்க்காமல் எங்களைப் பார்த்தபடி நின்றார். நாங்கள் எப்போது எழுந்து போவோம் என்று பார்த்தாரோ, போகமாட்டோம் என்று பார்த்தாரோ தெரியாது. ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

நான்காவது பாட்டில் அனுபல்லவிக்கு வந்தபோது அவள் வாய் அசைந்தது. கை தாளம் போட்டது. குரல் இல்லை. வயலின்காரர் ஒரு சுற்றுத் தனியாக வாசித்துச் சமாளித்தார். அதையும் ஏதோ நுட்பம் என்று எடுத்துக்கொண்டு சிலர் தலையாட்டினார்கள். அடுத்த சுற்றிலும் வாய் மட்டும் அசைந்தது. அவர் குனிந்து, துண்டுக்கு அடியில் கையை விட்டு, சுருதிப் பெட்டியை நிறுத்தினார்.

சுருதி நின்றதும் மண்டபத்தில் ஏதோ விழுந்ததுபோல ஆனது. மின்விசிறிகளின் சத்தம் அப்போதுதான் கேட்டது.

"எந்திரிம்மா, போலாம்" என்றார்.

செயலர் மேடைக்கு ஓடிவந்தார். "என்ன சார் இது, நடுவுல? ஜனங்க உக்காந்திருக்காங்க!"

"முடியலன்னு சொல்லிச்சே சார்."

"பத்துதானே முடியலன்னு சொல்லிச்சு?"

அவர் மகளின் கையைப் பிடித்து எழுப்பினார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "பாடட்டும் சார், கொழந்த நல்லாத்தானே பாடுது!" என்று கத்தினார். இறங்கிப் போகும் வழியில் ஒரு பெண்மணி பாப்பாவை நிறுத்திப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். இரண்டு கேள்வி கேட்டார். பதில் வரவில்லை என்றதும் கன்னத்தைத் தடவி, "வாயே தெறக்க மாட்டேங்குது பாருங்க, எவ்ளோ அடக்கம்!" என்றார்.

அவர்கள் சில மாதங்களிலேயே கீழ்க்கட்டளைக்கு மாறிப் போனார்கள். தம்புராவை யாருக்கோ கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். சின்னதாக ஒரு ஆபரேஷனும் நடந்தது. பேச்சு வந்தது, பாட்டு வரவில்லை. மண்டபத்தில் மறு வருஷமும் கூட்டம் இருந்தது. வேறொரு பிள்ளை, வயது ஆறு என்றார்கள். நான் போகவில்லை. முழங்கால் வலி.

பல வருஷம் கழித்து, போன தை மாதம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அவரைப் பார்த்தேன். பழைய நாற்காலி ஒன்றின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. விடாமல் வீட்டுக்கு அழைத்துப்போனார். முன்னறையில் உட்கார்ந்து என் முழங்காலைப் பற்றியும் மேடவாக்கம் சாலை நெரிசலைப் பற்றியும் பேசினோம். மகள் கணக்குத் தணிக்கைக்குப் படிக்கிறாள் என்றார். அவள் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் வந்தபோது எட்டிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனாள். நல்ல உயரம்.

"அப்பா, கேஸ் தீந்துடுச்சு. சிலிண்டர் மாத்தணும், வாங்க."

தாழ்ந்த குரல். ஒரு எழுத்து குரலாகவும் அடுத்த எழுத்து வெறும் காற்றாகவும் வந்தது. அவர் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். ஆனால் எழுந்திருக்கவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காதில் விழவில்லையோ என்று நான், "உள்ள கூப்பிடறாளே" என்றேன். சிலிண்டர் கனமாயிற்றே, அந்தப் பெண் தானே தூக்கிவிடப் போகிறாள் என்று எனக்குப் பதற்றம். எழுந்திருக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இருங்க சார்" என்றார் மெதுவாக. "இன்னொரு வாட்டி கூப்புடுவா."

கூப்பிட்டாள். இந்த முறை கோபம் வேறு சேர்ந்து, "அப்பா! எவ்ளோ நேரம்ப்பா?" என்றாள். அந்தக் கடைசி எழுத்து காற்றாகக் கரைந்து முடியும்வரை அவர் அசையாமல் கேட்டார். பிறகு எழுந்து உள்ளே போனார்.